ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: கொள்ளிடத்து மணல் எங்கிருந்து வருகிறது?

திருவையாறு பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கொள்ளிடத்தில் மணல் அள்ளின பள்ளம் எல்லாம் வெள்ளம் வந்து போனதும் மூடிக்கொள்கிறது. ஆறு கொடுத்துக்கொண்டேதான் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த மணல் எங்கிருந்து வருகிறது? சாயம் போட்ட மணலை ஆற்றில் விட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? புராஜெக்டாகச் செய்ய ஆசை."

முடியும், நல்ல கேள்வியும்கூட. பல வருஷம் ஆற்று அளவீட்டு வேலையில் இருந்தவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சாய மணல் என்றதும் எல்லாரும் அது எவ்வளவு தூரம் போனது என்றுதான் தேடுவார்கள். அது பாதி விடைதான். எவ்வளவு ஆழம் வரை கலந்தது என்பது மீதிப் பாதி, டெல்டாவில் அந்தப் பாதியைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் ஆற்றுப் பொறியாளர். 1937-ல் சூரிச்சில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு, வாய்க்கால் மாதிரித் தொட்டியில் வண்ணம் பூசின கற்களைவிட்டு அவை எப்படி நகர்கின்றன என்று பார்த்தது. ஒரு கல் சேர்ந்தாற்போல ஓடுவதில்லை, ஒரு தாவு தாவும், அப்புறம் நெடுநேரம் கிடக்கும், மறுபடி ஒரு தாவு. தாவலும் கிடப்பும் இரண்டுமே தற்செயல் கணக்குக்கு உட்பட்டவை என்று அவர் காட்டினார். இன்றைக்கும் அடையாளமிட்ட மணலை, அதாவது டிரேசரை வைத்துச் செய்கிற கணக்குக்கெல்லாம் அடிப்படை அதுதான்.

அதற்குப் பிறகு வெளிநாடுகளில் பெரும்பாலும் கூழாங்கல் ஆறுகளில் வேலை நடந்தது. கல்லில் வண்ணம் பூசினார்கள், பூசின கல் புதைந்துபோனால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் துளை போட்டுக் காந்தம் வைத்தார்கள், இப்போது 12 முதல் 32 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிப் வைக்கிறார்கள். மீன்களைப் பின்தொடர அவற்றின் உடலில் போடுகிற அதே சிப், பேட்டரி கிடையாது, நம் காரில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் மாதிரி ரீடரைக் கொண்டுபோனால் தன் எண்ணைச் சொல்லும். ஒவ்வொரு கல்லுக்கும் தனி எண் என்பதால் இந்தக் கல் போன வருஷம் இங்கே இருந்தது, இந்த வருஷம் அங்கே என்று பெயர் சொல்லாத குறையாகப் பின்தொடரலாம். அருமையான முறை, ஆனால் உங்களுக்கு உதவாது. நம் கொள்ளிடத்து மணலின் ஒரு மணி அரை மில்லிமீட்டர் சுமார். அதற்குள் எந்தச் சிப்பையும் வைக்க முடியாது. ஒகேனக்கல் பக்கம் பாறைக்கு நடுவே செய்யலாம், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்புக்குக் கீழே வழியில்லை. யூடியூபில் பார்த்துவிட்டுச் சிப் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

மணலுக்கு இருக்கிற வழி ஒளிரும் சாயம். கதிரியக்க மணல் என்று ஒரு வழியும் உண்டு. 1960-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் லூப் என்ற மணலாற்றில் இரிடியம்-192 பூசின மணலைப் போட்டு அளந்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஸ்கேண்டியம்-46 கலந்த கண்ணாடித் தூளைக் கொண்டு ஹூக்ளி போன்ற துறைமுகப் பகுதிகளில் வண்டல் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறது. அதன் அரை ஆயுள் 84 நாள். உரிய அனுமதியோடு நிபுணர்கள் செய்கிற வேலை அது. கொள்ளிடத்திலோ ஊர் ஊராகக் குடிநீர்க் கிணறு போட்டு உறிஞ்சுகிறார்கள், அங்கே அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, சாய மணல் செய்வது எப்படி? எந்த இடத்தில் போடப் போகிறீர்களோ அதே இடத்து மணலை எடுங்கள். கடையில் வாங்கின மணல், கடற்கரை மணல், எம் சாண்ட் எதுவும் வேண்டாம், மணியின் அளவும் உருவமும் கனமும் மாறினால் அது ஓடுகிற விதமே மாறிவிடும். நன்றாகக் கழுவிக் களியைப் போக்கி, காயவைத்து, சல்லடையில் சலித்து எந்த அளவு எத்தனை சதவீதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒளிரும் நிறப்பொடியை நீர்த்த பிசினில் கரைத்து மணலோடு பிசைந்து பரப்பிக் காயவிடுங்கள். காய்ந்ததும் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும், அதைக் கையால் உடைத்து மறுபடி சலியுங்கள், முதலில் எழுதின சதவீதமே திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மணிகள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஆற்றில் போட்டால் நீங்கள் அளப்பது பெருமணலின் ஓட்டத்தை.

இன்னொரு விஷயம், நானே அனுபவித்தது. முதல் தடவை காய்ந்த சாய மணலை அப்படியே தண்ணீரில் கொட்டினேன். பாதி மணி மூழ்கவே இல்லை. பிசின் பூசின மணி தண்ணீரை ஒட்டவிடாது, அதனால் எண்ணெய்ப் படலம் மாதிரி மேலே மிதந்து, இளஞ்சிவப்பாக ஒரு பாய் விரித்தாற்போல நகர்ந்து வளைவு தாண்டிப் போய்விட்டது. மூன்று நாள் வேலை. அதற்கப்புறம் எப்போதும் முந்தின இரவே ஒரு வாளியில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் மணலை ஊறப்போட்டு, ஈரத்தோடேதான் எடுத்துப்போவேன்.

போடும்போது எடை போட்டுப் போடுங்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது இந்த வேலைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். எத்தனை கிலோ போட்டோம் என்று தெரியாவிட்டால் பிறகு எடுக்கிற எந்த மாதிரிக்கும் அர்த்தம் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அரை மில்லிமீட்டர் மணி ஒன்றின் எடை ஏறக்குறைய 0.17 மில்லிகிராம், அப்படியானால் ஒரு கிலோவில் சுமார் 58 லட்சம் மணி. நீங்கள் 100 கிலோ போடுகிறீர்கள், கொள்ளிடம் அகலமான ஆறு என்பதால் உள்ளே ஓடுகிற ஒரு 100 மீட்டர் அகல ஓடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மணல் 500 மீட்டர் நீளத்துக்குப் பரவி, 30 சென்டிமீட்டர் ஆழம் வரை கலந்துவிட்டது என்று வையுங்கள். அந்த மணல் மொத்தம் 15,000 கன மீட்டர், ஏறக்குறைய 24,000 டன். அப்போது நீங்கள் அள்ளுகிற ஒரு கிலோ மாதிரியில் சாய மணி இருபத்து நாலுதான் இருக்கும். அதுவே ஒரு மீட்டர் ஆழம் வரை கலந்திருந்தால் ஏழு. ஏழு மணியை எண்ணிவிட்டு மணல் எல்லாம் கீழே போய்விட்டது என்று அறிக்கை எழுதிவிடுவோம், உண்மையில் அது காலடியிலேயே புதைந்து கிடக்கும். ஆழம் ஆழம் என்று நான் அடித்துக்கொள்வது இதனால்தான்.

ஆழம் தெரிந்தால்தான் அளவும் கிடைக்கும். சாய மணலின் நடுப்புள்ளி ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் நகர்ந்தது, ஓடை எவ்வளவு அகலம், எவ்வளவு கனத்துக்கு மணல் நகர்கிறது, இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை கன மீட்டர் மணல் அடியில் உருண்டு போகிறது என்பது வந்துவிடும். பேச்சுக்கு, நூறு நாளில் 300 மீட்டர் நகர்ந்தது, அதாவது நாளுக்கு 3 மீட்டர், அகலம் 100, கனம் 0.3 என்றால் 90 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட் 100 கன அடி, அது 2.83 கன மீட்டர், ஆக சுமார் 32 யூனிட், இரண்டு யூனிட் பிடிக்கிற லாரியில் பதினாறு நடை. கனம் 0.6 என்றால் முப்பத்திரண்டு நடை. உங்கள் ஊர்ப் பள்ளத்திலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை நடை போனது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். ஆறு கொண்டுவருவது எவ்வளவு, நாம் கொண்டுபோவது எவ்வளவு என்பதை ஒரே அலகில் வைத்துப் பார்க்க இதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை.

ஆழத்தை அளக்க டெல்டாவில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, வருஷம் முழுக்க ஓடுகிற ஆறுகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்காதது. ஆறு காய்ந்துவிடும். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறார்கள், அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதம் ஆற்று நடுவிலேயே உட்கார்ந்து தோண்டலாம். ஆனால் திறப்புத் தேதியை நம்பிக் கடைசி வாரத்துக்கு வேலையைத் தள்ளாதீர்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆனது.

காய்ந்த ஆற்றில் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது சங்கிலி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண இரும்புச் சங்கிலி, ஐந்தடி நீளம் போதும். அடிமுனையில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, மணலில் செங்குத்தாக இறக்கி, மேல்முனை மணல் மட்டத்தில் இருக்கும்படி விட்டுவிடுங்கள். வெள்ளம் வந்து மணலை அரிக்கும்போது வெளியே வந்த கணுக்கள் ஓட்டத்தின் திசையில் சாய்ந்து படுத்துவிடும், வெள்ளம் வடிகையில் அதன்மேல் புது மணல் படியும். பிப்ரவரியில் அதே இடத்தைத் தோண்டினால் சங்கிலி கீழே நட்டமாக இருந்து ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். அந்த முழங்கைதான் ஆறு அந்த வருஷம் அரித்த அதிகபட்ச ஆழம், அதற்கு மேலே இருப்பதெல்லாம் புதிதாக வந்த மணல். மேல் மட்டம் ஜூனில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி, ஆனால் முழங்கை இரண்டடி கீழே கிடக்கும். ஆறு இரண்டடியைத் தூக்கிப் போய்விட்டு வேறு இரண்டடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மட்டம் மாறவில்லை என்பதும் மணல் மாறவில்லை என்பதும் வேறு வேறு என்று முதல் முறை கண்ணால் பார்த்தபோது ரொம்ப நேரம் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது செங்கல் தூள். இரண்டங்குல பிவிசி குழாயை மணலில் ஒரு மீட்டர் இறக்கி, உள்ளே இருக்கிற மணலை எடுத்துவிட்டு, செங்கல் தூளால் நிரப்பிக் குழாயை மெல்ல உருவிவிட்டால் மணலுக்குள் சிவப்பாக ஒரு தூண் நிற்கும். அடுத்த கோடையில் தோண்டி அதன் தலை எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செங்கல் மணலைவிட லேசு என்பதால் அது எவ்வளவு தூரம் போனது என்று தேடுவதில் பயன் இல்லை, எவ்வளவு ஆழம் வெட்டியது என்பதற்கு மட்டும்தான் இது. செலவு என்று பார்த்தால் அநேகமாகக் குழாய் ஒன்றுதான்.

அப்புறம், தோண்டின குழியின் ஒரு பக்கத்தைக் கொத்தனார் கரணையால் செங்குத்தாகச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். பெருமணல் சீக்கிரம் காயும், பொடிமணல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் வரி வரியாகத் தெரிய ஆரம்பிக்கும். எல்லா வரியும் கீழ்நோக்கி ஓட்டத்தின் திசையிலேயே சாய்ந்திருக்கும், சாய்ந்து சாய்ந்து ஒரு கிடைக்கோட்டில் போய் முட்டும், அந்தக் கோட்டில் மிளகு அளவுச் சரளைகள் வரிசையாக இருக்கும். தண்ணீருக்கடியில் மணல் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துபோன தடம் அது, சரளைக் கோடு இருக்கிற இடம் அலையின் பள்ளம் தொட்ட அடிமட்டம். சங்கிலியின் முழங்கையும் இந்தக் கோடும் ஒரே மட்டத்தில் வந்தால் அளவீடு சரி என்று தைரியமாக எழுதலாம்.

சாய மணலை எண்ணுவது இரவு வேலை. ரூபாய் நோட்டு சரிபார்க்கிற நீல லைட், அதாவது புற ஊதா லைட், பெரிய அளவில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டி இறங்குங்கள், நிலா வெளிச்சத்தில் மங்கலான மணி தெரியாது. லைட்டைப் போட்டதும் முதலில் பளிச்சிடுவது நீங்கள் கட்டியிருக்கிற வேட்டி, சோப்புத்தூளில் இருக்கிற வெண்மையூட்டி அப்படி எரியும். அடுத்து பிளாஸ்டிக் சிதறல்கள், நீலமும் வெள்ளையுமாக. அதனால் நீலச் சாயம் எடுக்காதீர்கள், ஆரஞ்சும் பச்சையும் எடுங்கள், பச்சையை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், ஏனென்றால் தேளும் இந்த வெளிச்சத்தில் பச்சையாகத்தான் ஒளிரும், நாணல் ஓரத்தில் நான் பார்த்திருக்கிறேன். செருப்புப் போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் எண்ணுவது எங்கே தேடலாம் என்பதற்குத்தான். கணக்கு வருவது குழாய் இறக்கி எடுக்கிற மாதிரியில். குழாயை இறக்கி, மேல்வாயை மூடி, உருவி, மணலை ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தனித்தனிப் பையில் போட்டு எழுதிவிடுங்கள், பிறகு வீட்டில் இருட்டறையில் காயவைத்து எண்ணலாம்.

சாய மணலை மேலே தூவிவிட்டு வந்தால் முதல் வெள்ளத்தில் அது மற்ற மணலைவிட வேகமாகப் போகும், மேலே கிடப்பதால். பிறகு புதையப் புதைய வேகம் குறையும். ஸ்காட்லாந்தில் ஆல்ட் டூபெய்க் என்ற ஓடையில் காந்தக் கற்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஒரு சிறு பள்ளம் வெட்டி மணலோடு கலந்து புதையுங்கள், முதல் வெள்ளத்து எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன், மணல் எங்கிருந்து வருகிறது. குடகிலிருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். 1934-ல் மேட்டூர் அணை முடிந்ததிலிருந்து மேலே இருந்து உருண்டு வருகிற மணல் அங்கேயே நின்றுவிடுகிறது. தண்ணீரில் கலங்கலாக வருகிற பொடி வண்டலில் கொஞ்சம் தாண்டும், மணல் தாண்டாது. மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி வந்து சேர்கின்றன, அவற்றில் பவானிக்கும் அமராவதிக்கும் 1950-களில் அணை வந்தாயிற்று. காவிரியிலேயே மேட்டூருக்குக் கீழே மாயனூர் வரை வரிசையாகக் கதவணைகள். ஆக கொள்ளிடத்தில் இன்று நகர்கிற மணலில் பெரும்பங்கு ஆறு முன்பு கொண்டுவந்து போட்டு வைத்திருந்த இருப்பு, அதையே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

காவிரியும் கொள்ளிடமும் இந்த விஷயத்தில் ஒன்றுபோல இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் முக்கொம்பில் காவிரியின் வாய் மணலால் தூர்ந்து தண்ணீர் எல்லாம் பள்ளமான கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். அதிலிருந்து பாசனத் தண்ணீர் காவிரிக்கு, மிஞ்சின வெள்ளம் கொள்ளிடத்துக்கு. காவிரியில் மாதக்கணக்கில் ஒரே அளவாக ஓடி மணல் மெல்ல நகரும். கொள்ளிடம் பல வருஷம் வெறுமனே கிடந்து, 2018 மாதிரி ஒரு வெள்ளத்தில் புரண்டுவிடும். அந்த ஆகஸ்ட் 22 இரவில்தான் முக்கொம்பில் கொள்ளிடத்து ஷட்டர்கள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. தண்ணீர் இரண்டு மடங்கானால் மணல் இரண்டு மடங்கோடு நிற்காது, பல மடங்காகும். அதனால் கொள்ளிடத்தில் நாலு நாள் வெள்ளம் நாலு மாத ஓட்டத்தைவிட அதிக மணலை நகர்த்தலாம். உங்கள் புராஜெக்ட் வருஷத்தில் கொள்ளிடத்தில் தண்ணீரே விடாமல் போகவும் வாய்ப்பு உண்டு, எனவே ஒரு செட் சங்கிலியைக் குடமுருட்டியிலோ காவிரியிலோ சேர்த்துப் புதைத்துவிடுங்கள்.

பள்ளம் மூடுவது பற்றி. ஆற்றில் ஒரு பள்ளம் தோண்டினால் வெள்ளத்தில் அதன் மேற்கு உதடு, அதாவது தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பு, செங்குத்தாக இருப்பதால் அரிந்து அரிந்து மேல்நோக்கி நகரும். அந்த மணல்தான் முதலில் பள்ளத்தை நிரப்புகிறது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கின அரிசி மாதிரி, நம் பானை நிறைந்தது, ஊரில் அரிசி கூடவில்லை. பள்ளத்தைத் தாண்டுகிற தண்ணீர் மணலை அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு போவதால் கீழே கரையையும் படுகையையும் அரிக்கும். மேலும் கீழும் இரண்டு பக்கமும் தாழ்ந்து, நடுவில் பள்ளம் மட்டும் மூடியிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் பார்த்தது பொய்யில்லை, அவர்கள் பார்த்த இடம் அந்தப் பள்ளம் மட்டும்.

இதை உங்களால் சோதித்துக் காட்ட முடியும். நீர்வளத்துறையில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள், சாயம் விஷமற்றதா என்ற சான்றையும் இணையுங்கள். ஏப்ரலில் பள்ளத்தின் மேற்கு உதட்டிலிருந்து 30 மீட்டர் மேலே ஆரஞ்சு மணல், ஒரு கிலோமீட்டர் மேலே பச்சை மணல், இரண்டும் எடை போட்டு. உதட்டிலிருந்து மேல்நோக்கிப் பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு சங்கிலி வீதம் பத்து, பள்ளத்துக்குக் கீழ்ப்பக்கமும் அதே மாதிரி ஐந்து. ஒவ்வொன்றின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து, கரையில் இருக்கிற ஒரு மரம், ஒரு படித்துறை இரண்டிலிருந்தும் டேப்பால் அளந்தும் வைத்துக்கொள்ளுங்கள், போன் காட்டுகிற புள்ளி சில மீட்டர் தள்ளிப்போகும், மணலில் சில மீட்டர் தள்ளித் தோண்டினால் சங்கிலி கிடைக்காது. தண்ணீர் வந்தபின் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது, பழைய மணல் பள்ளங்களில் மூழ்கி எத்தனையோ பிள்ளைகள் போயிருக்கிறார்கள், நீச்சல் தெரிந்தவர்கள் உட்பட.

பிப்ரவரியில் மூடின பள்ளத்தில் குழாயை இறக்குங்கள். அடியிலிருந்து மேல்வரை ஆரஞ்சாகவே வந்து பச்சை ஒரு மணிகூட இல்லாமல், உதட்டுச் சங்கிலிகளின் முழங்கை பள்ளத்தின் அடிமட்டத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே வந்தால், மணல் கைமாற்றாக வந்தது. ஆரஞ்சும் பச்சையும் கலந்து வந்து, மேலே உள்ள சங்கிலிகள் அரை அடிக்குக் கீழே மடங்காமல் இருந்தால், தூரத்திலிருந்து புது மணல் வருகிறது என்று பெரியவர்கள் சொன்னதில் உங்கள் ஊரைப் பொறுத்தவரை விஷயம் இருக்கிறது. சரியான இடத்தில் தோண்டியும் சங்கிலி எதுவுமே அகப்படாமல் போனால் அரிப்பு அநேகமாக ஐந்தடிக்கு மேல் என்று பொருள், அடுத்த வருஷத்துக்குப் பத்தடிச் சங்கிலி வாங்குங்கள்.